பங்குக் கிணறும் வீட்டு இணையமும்

விழா மலர்களிலே விஞ்ஞானக் கட்டுரை வரைய முற்படுவோர் விண்மீனையோ அணுவையோ எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டபோது யானும் அவ்வாறே பெரியதொரு பொருளைத் தேடினேன். தேடிக்கொண்டிருந்த வேளையிலே, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சிறு பெட்டியொன்று தன் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. றவுட்டர் என நாம் வழங்கும் பெட்டி அது. வழிப்படுத்தி எனத் தமிழிற் கூறினும் பொருந்தும். எம்மூரிற் பல வீடுகளில் இன்று அப்பெட்டி உண்டு. ஆயினும் அதனுள்ளே நிகழ்வது யாதென அறிந்து அதனை ஆள்பவர் சிலரே. அவ்வறியாமையினால் என் வீட்டிலே ஒரு பிழை நேர்ந்தது. குற்றமற்ற பிள்ளையொன்று அதனால் நொந்தது. ஆதலின் விண்மீன்களைப் பிறர்க்கு விட்டு, யான் இப்பெட்டியையே பாடமாகக் கொள்கின்றேன்.

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசித்தோர், காணியின் பரப்பும் எல்லையும் கூறப்பட்டபின் கிணற்றிலே பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் கூறப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே சுண்ணாம்புக் கற்படையில் நிற்கும் நிலத்தடி நீரே பயிர்க்கும் உயிர்க்கும் ஆதாரம். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டு இறைத்தன. இன்னார்க்கு இன்ன நாள் முறை என வகுத்திருந்தனர். முறை தவறினாற் சண்டை. சண்டை முற்றினால் வழக்கு. இக்கிணற்றிலே மூன்று விடயங்களை நாம் வேறுபடுத்தி நோக்க வேண்டும். ஒன்று, ஊற்றிலே எவ்வளவு நீர் உளது என்பது. மற்றொன்று, துலாவும் வாளியும் ஒரு மணித்தியாலத்திலே எவ்வளவு நீரை மேலே கொணரும் என்பது. பிறிதொன்று, யார் எப்பொழுது இறைப்பது என்பது. வீட்டு இணையத்திலும் இம்மூன்றும் உள. இவற்றை ஒன்றோடொன்று மயங்கக் கொள்வதினாலேயே பெரும்பாலான மனக்கசப்புகள் விளைகின்றன.

மாதமொன்றுக்கு 100 கிகாபைற்று எனச் சேவை நிறுவனத்தார் கூறுவது ஊற்றின் அளவு. செக்கனுக்கு 10 மெகாபிற்று என அவர் கூறுவது வாளியின் அளவு. பிற்று வேறு, பைற்று வேறு. எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. எனவே செக்கனுக்கு 10 மெகாபிற்று என்பது செக்கனுக்கு 1.25 மெகாபைற்றேயாம். "பத்து என்றார்கள், ஒன்றேகாலே வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சினந்த நண்பரொருவர்க்கு இவ்வகுத்தற் கணக்கைக் காட்டியே அவர் சினத்தை ஆற்றினேன். உயர்தெளிவுத் திரைப்படம் ஒன்றை இணையத்திற் பார்க்கும்போது மணித்தியாலத்துக்கு 3 கிகாபைற்று வரை செல்லலாம் என நெற்பிளிக்ஸ் நிறுவனமே கணக்குக் கூறுகின்றது. அக்கணக்கின்படி 100 கிகாபைற்று 33 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒருவரே பார்த்தாலும் மாதம் முடிய ஊற்று பெரும்பாலும் வற்றிவிடும். கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு உயர்தெளிவு வேண்டுவதில்லை. படத்தின் தரத்தை 480 என்னும் அளவிற்கு இறக்கிவிட்டாற் செலவு பல மடங்கு குறையும், கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தோன்றாது.

ஈண்டு கிணற்று உவமை ஓரிடத்திற் பொருந்தாமற் போவதையும் சொல்லிவிட வேண்டும். இன்று இறையாத நீர் நாளைக்குக் கிணற்றில் நிற்கும். கம்பியின் வேகமோ அவ்வாறன்று. இச்செக்கனிற் பயன்படாத வேகம் இச்செக்கனோடு அழிந்தது. நள்ளிரவில் எவரும் பயன்படுத்தாத வேகத்தைச் சேமித்து மாலை ஏழு மணிக்குக் கொடுக்க எவராலும் இயலாது. ஆதலின் மாலையிற் செய்ய வேண்டாத வேலைகளை நள்ளிரவுக்குத் தள்ளுவதே வேகத்தைப் பங்கிடும் வழி. எம்நாட்டு இணையப் பொதிகள் சிலவற்றில் இரவுக்கெனத் தனியளவு கொடுக்கப்படுவதும் இதனாலேயே என்க.

இனிப் பெட்டியின் உள்ளே செல்வோம். இணையத்திலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையிலே அம்முகவரி 32 பிற்றுக்களால் ஆனது. இரண்டை முப்பத்திரண்டு முறை பெருக்கினால் வருவது 4,294,967,296. அஃதாவது ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கட்டொகை அதனிலும் மிகுதி; ஒருவர்க்குக் கருவிகளோ பல. உலகளாவிய இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரியிற் பங்கிடப்பட்டு முடிந்தன. 128 பிற்று நீளமுள்ள புதிய முகவரி முறை வகுக்கப்பட்டு, இரண்டு முறைகளும் இன்று அருகருகே வழங்குகின்றன. பழைய முறை இன்னும் உயிரோடிருத்தற்குக் காரணம் எம் சுவரிலுள்ள பெட்டியேயாம்.

எவ்வாறெனின், வீடு முழுவதற்கும் வெளியுலகிலே ஒரு முகவரிதான். வீட்டினுள்ளே 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகள் வழங்குகின்றன. இவ்வாறான எண்கள் தனியிடங்களுக்கென 1996 இல் ஒதுக்கப்பட்டவை; என் வீட்டிலும் 192.168.1.5 உண்டு, உங்கள் வீட்டிலும் உண்டு, இரண்டும் மோதுவதில்லை. கல்லூரி விடுதியிலே மாணவர்க்குக் கடிதம் வரும் முறையை நினைவுகூர்க. வெளியிலிருந்து வரும் கடிதத்திற் கல்லூரியின் முகவரியே இருக்கும். எவ்வறையில் எம்மாணவன் என்பதை விடுதிப் பொறுப்பாளர் தம் ஏட்டைப் பார்த்தறிந்து கொடுப்பார். பெட்டியும் அத்தகைய ஏடொன்றை வைத்திருக்கின்றது. எக்கருவி எதனைக் கேட்டது என்பதைக் குறித்துவைத்து, விடை வந்ததும் அக்கருவிக்கே சேர்க்கின்றது. புதிய கருவி வீட்டில் நுழைந்ததும் அதற்கு உள்முகவரி கொடுப்பதும் பெட்டியின் கடனே. அம்முகவரி சொந்தமன்று, குத்தகை. தவணை முடிந்தாற் புதுப்பிக்க வேண்டும்.

இக்குத்தகை முறையை அறியாது நாங்கள் பட்ட பாடொன்று உண்டு. என் வீடும் தம்பி வீடும் ஒரே வளவிலே, ஏறத்தாழ 25 மீற்றர் இடைவெளியில் உள்ளன. இணைப்பு ஒன்று, கட்டணம் பாதிபாதி. தம்பி வீட்டிற்கு அலை போதிய அளவு எட்டாமையால் இரண்டாவது பெட்டியொன்றை வாங்கிக் கம்பியால் இணைத்தோம். அன்றிரவு முதல் இரண்டு வீட்டிலும் சில கருவிகள் வேலை செய்தன, சில செய்யவில்லை. ஒரு விடுதிக்கு இரண்டு பொறுப்பாளர் வந்து, இருவரும் அறை வழங்கத் தொடங்கினால் நிகழ்வதே நிகழ்ந்தது. இரண்டாவது பெட்டியின் அமைப்புப் பக்கத்திலே முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என வேறொரு நிலையான எண்ணைக் கொடுத்து, கம்பியை அதன் வெளிவாயிலிற் செருகாது உள்வாயிலிற் செருகியதும் குழப்பம் தீர்ந்தது. இவ்வகைக் கம்பி 100 மீற்றர் வரை செல்லும். ஆனால் வீட்டுக்கு வீடு வெளியிற் செல்லும் செப்புக் கம்பி இடி மின்னலுக்கு அஞ்ச வேண்டியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் இருண்டாற் கம்பியை இருமுனையிலும் கழற்றிவிடுவது நன்று.

மேலே குறித்த பிழைக்கு இனி வருகின்றேன். 2021 ஆம் ஆண்டு. பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். என் மகள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். இரசாயன வகுப்பு மாலை ஏழு மணிக்குச் சூம் வழியாக நிகழும். ஏழேகால் ஆனதும் ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாகும். பின் உருவம் உறைந்து நிற்கும். பின் இணைப்பே அறும். வாரத்தில் மூன்று நாள் இது நிகழ்ந்தது. மகள் அழுதாள். தம்பியின் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. மாலையானாற் கைத்தொலைபேசியில் விளையாட்டு. குற்றவாளி அவனே என இரண்டு வீட்டாரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தோம். யானே பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அவனுடைய பேசியைத் தடைப்பட்டியலிற் சேர்த்தேன். "பெரியப்பா, நான் இல்லை" என்று ஒருமுறை சொன்னான், பின் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் படலையைத் திறப்பதையும் விட்டுவிட்டான்.

வகுப்பு மறுவாரமும் அறுந்தது. தம்பியின் மனைவிக்கு மனத்தாங்கல்; "பிள்ளையை மறித்தும் திருந்தவில்லையே, இணைப்பை வேறாகவே எடுப்போம்" என்றாள். அப்பொழுதுதான், கணிதம் படிப்பிக்கும் யான் அளவாமலே தீர்ப்பளித்துவிட்டேனே என்னும் நாணம் எனக்குத் தோன்றியது.

அளந்தேன். எங்களது செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு. உள்ளே வரும் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற்று. வெளியே செல்லும் வேகம் செக்கனுக்கு 0.8 மெகாபிற்று மட்டுமே. வீட்டு இணைப்புகள் பலவற்றில் இவ்வேற்றத்தாழ்வு உண்டு. நாம் பெறுவதே மிகுதி, அனுப்புவது குறைவு என்னும் எண்ணத்தில் அமைத்தவை அவை. அடுத்து, ஒரு சிறு பொதியை வெளியுலகுக்கு அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை அளக்கும் சோதனை. பகலில் 40 மில்லிசெக்கன். மாலை ஏழேகாலுக்கு 2,400 மில்லிசெக்கன்! உரையாடலிலே ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்ட தாமதமே விரும்பத்தக்கது எனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ளது. இரண்டரைச் செக்கன் தாமதத்தில் எவ்வகுப்பும் நடவாது.

கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். தொலைக்காட்சியை நிறுத்தியும் மாற்றமில்லை. மனைவியின் பேசியை நிறுத்தியும் இல்லை. மேசையில் மின்னேற்றத்திற்கு இட்டிருந்த என் பேசியை நிறுத்தினேன். 2,400 நாற்பதாக இறங்கியது.

யான் அந்நாட்களிலே மாணவர்க்குப் பாடங்களைப் பேசியிற் படம்பிடித்து அனுப்பி வந்தேன். பிடித்த படங்கள் யாவற்றையும் அப்பேசி, மின்னேற்றத்தில் இருக்கும்போது, எனக்குச் சொல்லாமலே தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்குப் பிரதி செய்துகொண்டிருந்தது. ஒரு பாடம் ஏறத்தாழ 1.2 கிகாபைற்று, எட்டாற் பெருக்க 9,600 மெகாபிற்று, 0.8 ஆல் வகுக்க 12,000 செக்கன். அஃதாவது 3 மணித்தியாலம் 20 நிமிடம். மாலை ஏழு மணிக்குப் பேசியை மின்னேற்றத்தில் இடுவது என் வழக்கம். பிற பிள்ளைகளுக்கு யான் நடத்திய கணிதம் என் மகளின் இரசாயனத்தை மறித்து நின்றது.

பேசியொன்று படம் அனுப்பினால் இன்னொன்றின் வேகம் பாதியாகலாம். ஏன் முற்றும் நிற்க வேண்டும்? மாணவர் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். வெளியே செல்லக் காத்திருக்கும் பொதிகளை நிறுத்திவைக்கப் பெட்டியிலே நினைவிடம் உண்டு. அது 256 கிலோபைற்று எனக் கொள்வோம். அது நிரம்பி நின்றால், அதன் கடைசியிற் சேரும் பொதி முன்னுள்ள 2,048 கிலோபிற்றும் வெளியேறும்வரை நிற்க வேண்டும். செக்கனுக்கு 800 கிலோபிற்று வெளியேறும் வழியில் அதற்கு 2.56 செக்கன் ஆகும். யான் அளந்த தாமதத்தோடு இக்கணக்கு எவ்வளவு நெருங்குகின்றது, பாருங்கள். வகுப்பிலிருந்து மகள் கேட்கும் கேள்வியும், ஆசிரியரிடமிருந்து வந்த பொதிகளுக்கு அனுப்ப வேண்டிய "பெற்றோம்" என்னும் சீட்டுகளும் என் படத்தின் பின்னே வரிசையில் நின்றன. சீட்டுக் கிடையாமையால் அனுப்புவோரும் தம் வேகத்தைக் குறைத்தனர். இவ்வாறே வெளிவழியின் நெருக்கடி உள்வழியையும் முடக்கிற்று.

நினைவிடம் பெரிதாயிருப்பது நன்மை எனவே எவர்க்கும் தோன்றும். அதுவே தீமையாகும் விதம் வியத்தற்குரியது. 1986 ஒக்ரோபரிலே, அமெரிக்காவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 யார் தூரமேயுள்ள இணைப்பிலே, செக்கனுக்கு 32,000 பிற்றாக இருந்த வேகம் 40 பிற்றாக வீழ்ந்தது. ஒவ்வொரு கணினியும் விடை வரவில்லையெனத் தன் பொதிகளை மீளமீள அனுப்பியதே காரணம். வான் ஜேக்கப்சன் என்பார் இதனை ஆராய்ந்து 1988 இல் ஒரு முறை வகுத்தார். அனுப்புவோர் மெல்லத் தொடங்கி வேகத்தைக் கூட்டிச் செல்லவேண்டும்; ஒரு பொதி தவறியது எனக் கண்டதும் நெருக்கடி எனவுணர்ந்து வேகத்தைக் குறைக்க வேண்டும். எனவே பொதி தவறுதல் ஓர் எச்சரிக்கை மணி. பின்னாளில் நினைவகம் மலிவாகவே பெட்டி செய்வோர் அதனைத் தாராளமாக இட்டனர். பொதிகள் தவறாமல் வரிசையில் நின்றன. மணி காலந்தாழ்த்தே ஒலித்தது. அனுப்புவோர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே சென்றனர். ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலாளர் தம் சொந்த வீட்டு இணைப்பு மந்தமானதை ஆராயப் புகுந்தே 2010 அளவில் இந்நோயை உலகுக்கு விளக்கினார். அத்துணைப் பெரியார் வீட்டிலும் இது நேர்ந்தது என அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல். 2012 இல் கதலீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும் மருந்தொன்று கூறினர்: வரிசையின் நீளத்தை நோக்காது, ஒரு பொதி எவ்வளவு நேரம் நின்றது என்பதை நோக்கி, நெடுநேரம் நின்றால் வேண்டுமென்றே சிலவற்றை விட்டுவிடுக என்பது அது. ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி வரிசை வகுத்து இம்மருந்தையும் சேர்க்கும் முறை இன்று சில பெட்டிகளில் உண்டு. பெட்டி வாங்குவோர் விலையையும் கொம்புகளின் தொகையையும் கேட்பதோடு இதனையும் கேட்பாராக.

எங்கள் பெட்டியில் அம்முறை இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் வேக எல்லை இடும் பக்கம் ஒன்று இருந்தது. என் பேசி வெளியே அனுப்பும் வேகத்தைச் செக்கனுக்கு 200 கிலோபிற்று என மட்டிட்டேன். படங்களைப் பிரதி செய்யும் வேலையைப் பகலில் நிறுத்தி, இரவு பத்துக்குப் பின் யானே திறந்துவிடும் வழக்கமும் கொண்டேன். முழு இணைப்புக்கும் எல்லை இட வேண்டுமாயின், அளந்த வேகத்தின் நூற்றுக்கு 85 அல்லது 90 பங்கை இடுதல் வேண்டும். வரிசை தொலைபேசி நிலையத்தார் பக்கத்திற் சேராது நம் கையில் நிற்கும். சிம் அட்டையில் இயங்கும் 4ஜி இணைப்பின் வேகம் மணிக்கு மணி மாறுமாதலின், அதற்கு ஒரே எண் எப்போதும் பொருந்தாது. நெருக்கடியான மாலையில் அளந்த எண்ணைக் கொள்வது தகும்.

விளையாட்டைப் பற்றியும் கூறவேண்டும். இணைய விளையாட்டு, ஆடும்போது, மிகச் சிறிதளவே பயன்படுத்தும். ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், என்ன செய்தார் என்னும் குறிப்புகளே செல்கின்றன, படத்தைப் பேசியே வரைந்துகொள்கின்றது. புதிய பதிப்பை இறக்கும்போதுதான் பெரிய செலவு. இதனை முன்னரே அறிந்திருந்தால் தம்பி மகனைப் பழித்திரேன். அவனுடைய தடையை நீக்கிவிட்டு அவன் வீட்டுக்கே சென்று, குற்றம் என் பேசியுடையது எனக் கூறினேன். அவன் தன் பேசியை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான். ஒவ்வொரு பேசிக்கும் தொழிற்சாலையில் இட்ட அடையாள எண் உண்டு. தடைப்பட்டியல் அதனையே நோக்கும். அண்மைக் காலப் பேசிகளோ, உரியவரின் நடமாட்டத்தைப் பிறர் தொடராதவாறு, அவ்வெண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டவல்லன. அப்பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் என் தடை அந்நிமிடமே பயனற்றுப் போயிருக்கும். அவன் அதனை முதல் நாளே அறிந்திருந்தான். மூன்று வாரமும் மாற்றவில்லை.

கம்பியின் குறை ஒருபுறம் இருக்க, அலையின் குறையும் உண்டு. வைபை அலைகள் பெரும்பாலும் இரண்டு மீடிறன்களிற் செல்கின்றன. 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேட்ஸ் அலையினது 6 சென்ரிமீற்றர். முன்னது சுவர்களை ஓரளவு கடந்து தூரம் செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆயின் சுவருக்கு அஞ்சும். எம் பழைய வீடுகளின் தடித்த கற்சுவர் அதற்குப் பெரும் பகை. இரும்பு அலுமாரியும் நீர் நிரம்பிய தொட்டியும் அவ்வாறே. பெட்டியை அலுமாரிக்குப் பின்னே நிலத்தில் வைத்துவிட்டு அலை எட்டவில்லை என்போர் பலர். வீட்டின் நடுவே, தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முறை. குசினியில் மைக்றோவேவ் அடுப்பு உளதாயின் அதுவும் ஏறத்தாழ 2.45 கிகாஹேட்சிலேயே இயங்குகின்றது; சோறு சூடாகும் இரண்டு நிமிடம் இணையம் தளர்ந்தால் வியப்பில்லை.

2.4 கிகாஹேட்ஸ் பகுதியிலே 1 முதல் 13 வரை வழித்தடங்கள் உள. ஒன்றுக்கொன்று இடைவெளி 5 மெகாஹேட்ஸ். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அகலமோ ஏறத்தாழ 20. ஆதலின் ஒன்றன்மேலொன்று படியாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. அயல்வீட்டார் ஆறில் இருந்தால் நாம் ஏழிற்குச் செல்வது புத்தியன்று. ஒன்றிற்கோ பதினொன்றிற்கோ செல்ல வேண்டும். ஆறிலேயே இருப்பினும் ஏழிலும் நன்று. என்னை? ஒரே தடத்திலுள்ள பெட்டிகள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டு ஒதுங்கும். அரைகுறையாய்ப் படிந்தவை அதனை வெறும் இரைச்சலாகவே கொள்ளும்.

ஒதுங்குதல் என்றேன். வானலையிலே பல கருவிகள் ஒரே வழியைப் பங்கிடும் முறைக்கு 1971 இல் ஹவாய்த் தீவுகளிலே நோமன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியர் அடிகோலினார். அவர் முறையிலே எவரும் நினைத்தபோது பேசலாம்; இருவர் மோதினால் இருவரும் சற்றுப் பொறுத்து மீளப் பேச வேண்டும். கணித்துப் பார்க்கின், அவ்வழியில் உச்சப் பயன் நூற்றுக்கு 18 பங்கே. இன்றைய வைபை, பேசுமுன் கேட்டு, வழி வெறிதாயிருந்தாற் பேசுகின்றது, பயன் மிகுந்தது. ஆயினும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம் என்னும் விதி மாறவில்லை. இதனால் எழும் விளைவொன்றைப் பலர் அறியார். வளவின் மூலையில், அலை குன்றிய இடத்தில் இருந்து படம் பார்ப்பவர் மெதுவாகவே பேச வல்லவர். அவர் பேசி முடியும்வரை அருகிலிருப்போரும் காத்திருப்பர். அவரை விறாந்தைக்கு அழைத்தாலே வீட்டார் யாவர்க்கும் வேகம் கூடும்.

பூட்டைப் பற்றிச் சில சொல்வேன். 1997 இல் வந்த முதற் பூட்டின் பெயர் வெப் என்பது. 2001 இல் அதன் கணிதக் குறைபாடு வெளிப்பட்டது. 2003 இல் டபிள்யூ.பி.ஏ., 2004 இல் அதன் இரண்டாம் வடிவம், 2018 இல் மூன்றாம் வடிவம் என அடுத்தடுத்துப் பூட்டுகள் வந்தன. பெட்டியில் மூன்றாவது இருந்தால் அதனை, இல்லையேல் இரண்டாவதைத் தெரிக. டபிள்யூ.பி.எஸ். என்னும் குறுக்கு வழியை மூடிவிடுக. எட்டு இலக்க எண்ணொன்றாற் கருவியை இணைக்கும் வழி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். ஒவ்வொன்றாய்ச் சோதிக்க எவராலும் இயலாது என எண்ணத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முன்னைய ஏழிலிருந்து கணிக்கப்படுவது. அன்றியும் பெட்டியானது முதல் நான்கு இலக்கம் சரியோ பிழையோ எனத் தனியே சொல்லிவிடுகின்றது; பின்பே மூன்றைச் சோதிக்கின்றது. ஆகவே முயல வேண்டியவை 10,000 உம் 1,000 உம் கூட்ட 11,000 மட்டுமே. மூன்று செக்கனுக்கு ஒன்றாக முயன்றால் ஒன்பதே கால் மணித்தியாலத்துக்குள் பூட்டு திறந்துவிடும். பெருக்க வேண்டிய இடத்திற் கூட்ட இடங்கொடுத்த இப்பிழை 2011 டிசெம்பரில் வெளியாயிற்று. வகுப்பிலே சேர்மானமும் வரிசைமாற்றமும் படிப்பிக்கும்போது யான் தவறாது கூறும் எடுத்துக்காட்டு இது.

வைபைக் கடவுச்சொல் வேறு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. முன்னதைப் பலர் மாற்றுவர். பின்னதைத் தொழிற்சாலையில் இட்டவாறே விட்டுவிடுவர். 2016 இல் மிராய் என்னும் தீய நிரல், அவ்வாறு மாற்றாது விடப்பட்ட கடவுச்சொற்கள் அறுபதளவை வைத்துக்கொண்டே உலகெங்கும் வீட்டுக் கருவிகளைப் பெருந்தொகையிற் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பரில், அதன் கிளையொன்று வேறொரு வாயிலால் நுழைய முயன்றதில், யேர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வீட்டுப் பெட்டிகள் செயலிழந்தன. எனவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு, பெட்டி செய்தோர் வெளியிடும் புதிய மென்பொருளையும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். விருந்தினர்க்குத் தனி வலைப்பெயர் வழங்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. திருமண வீட்டிற்கு வந்தோர்க்கெல்லாம் வீட்டுக் கடவுச்சொல்லைச் சொல்லிப் பின் மாற்றும் தொல்லை அதனால் நீங்கும்.

பிள்ளைகளுக்கு நேர எல்லை இடும் பக்கமும் பெட்டியில் இருக்கும். யான் அதனைப் பயன்படுத்துகின்றேன். ஆயின் இரவு பத்தரைக்குப் பின் என் பேசிக்கும் அதே எல்லை. எவர் எத்தளத்தைப் பார்த்தார் என்னும் பதிவேட்டையும் சில பெட்டிகள் காட்டும். அதனை யான் திறப்பதில்லை. மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இன்னொரு பாடம் கற்றோம். எங்கள் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ற்று, 1 அம்பியர்; அதற்கேற்ற சிறு மின்கல அடுக்கொன்றைத் தம்பி மகனே தேடி வாங்கி இணைத்தான். பெட்டியின் பொறுப்பு இப்போது அவனிடம். கருவிகளின் பெயர், அவற்றின் எல்லை, இரண்டு கடவுச்சொல், கடைசியாக மென்பொருள் ஏற்றிய திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியிருக்கிறான். ஒரு பிரதி அவன் மேசையில். மற்றையது எங்கள் வீட்டுப் பெட்டகத்திலே, காணி உறுதியோடு.